எச்சில் பரிசோதனையால் செரோக்கி ஆகிவிட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வம்சாவளியைக் கண்டறியும் டிஎன்ஏ பரிசோதனைகள் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். மற்றதெல்லாம் சரி, ஆனால் அமெரிக்காவின் செரோக்கி பழங்குடி வம்சமா இல்லையா என்பதைக்கூட கொஞ்சம் எச்சிலை வைத்துச் சொல்லிவிடலாம் என்று ஒரு வரி வருகிறதே, அதைச் சும்மா விட மனசு வரவில்லை. நான் ஓக்லஹோமாவில் இருக்கிறேன். இங்கே நாலு பேரிடம் பேசினால் ஒருவராவது ‘எங்கள் கொள்ளுப்பாட்டி ஒரு செரோக்கி இளவரசி’ என்பார். நம் பிள்ளைகளில் சிலர் இப்படிச் சொல்லும் குடும்பங்களில் சம்பந்தம் செய்திருக்கிறார்கள், நாளைக்குப் பேரக்குழந்தைகளும் இதையே நம்பி வளரும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த இளவரசி. செரோக்கிகளிடம் ராஜாவும் கிடையாது, ராணியும் கிடையாது. ஏழு குலங்கள் உண்டு, ஓநாய், மான், பறவை என்று, குலம் தாய்வழியாகத்தான் வரும். அப்பா மட்டும் செரோக்கி என்றால் அந்தக் காலத்தில் பிள்ளைக்குக் குலமே இல்லை. 2010 கணக்கெடுப்பில் 8,19,105 பேர் தங்களைச் செரோக்கி என்று எழுதிக் கொடுத்தார்கள், அன்றைக்கு மூன்று செரோக்கி அரசுகளின் குடிமக்களையும் கூட்டினால் அதில் பாதிகூடத் தேறாது.

ஆமாம், அரசுகள் என்றுதான் சொல்ல வேண்டும். ஓக்லஹோமாவின் டாலக்வாவில் செரோக்கி நேஷன், அதே ஊரில் யுனைட்டட் கீட்டூவா பேண்ட், வட கரோலினாவில் ஈஸ்டர்ன் பேண்ட். யார் தங்கள் குடிமகன் என்பதை இவர்கள்தான் தீர்மானிப்பார்கள், பரிசோதனைக் கம்பெனி இல்லை. தனக்குச் செரோக்கி வம்சம் உண்டு என்று சொல்லிவந்த அமெரிக்க செனட்டர் எலிசபெத் வாரன் 2018-ல் தன் டிஎன்ஏ முடிவை வெளியிட்டபோது செரோக்கி நேஷன் உடனே மறுப்புச் சொன்னது, அடுத்த வருஷம் அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அவருடைய முடிவு காட்டியதெல்லாம் ஆறிலிருந்து பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒரு பூர்வகுடி மூதாதை இருந்திருக்கலாம் என்பதுதான். அது எந்த இனம் என்று அந்த முடிவால் சொல்லவே முடியாது, இன்னொன்று, அத்தனை தலைமுறை தள்ளிப்போன மூதாதையின் சுவடு டிஎன்ஏவில் ஒன்றுமே மிஞ்சாமலும் போகலாம்.

செரோக்கி நேஷன் பார்ப்பது ஒரே ஒரு விஷயம்தான், அமெரிக்க அரசு அந்தக் காலத்தில் எடுத்த டாஸ் பட்டியல் என்ற பெயர்ப் பதிவில் உங்கள் நேரடி மூதாதை இருக்கிறாரா. ரத்த அளவு, அதாவது மூதாதையரில் எத்தனை பங்கு செரோக்கி என்பது, இவ்வளவு இருக்க வேண்டும் என்ற கணக்கு அங்கே இல்லை. ஈஸ்டர்ன் பேண்டுக்கு 1924-ன் பேக்கர் பட்டியல், கூடவே பதினாறில் ஒரு பங்கு ரத்தம், கீட்டூவா பேண்டுக்கு நாலில் ஒரு பங்கு.

இந்த டாஸ் பட்டியலின் கதைதான் எனக்கு ஆறவே ஆறாது. 1838-39-ல் ஜார்ஜியா, டென்னசி பக்கமிருந்து சுமார் 16,000 செரோக்கிகளை ராணுவத்தை வைத்து மேற்கே விரட்டினார்கள், வழியிலும் முகாம்களிலுமாகச் சுமார் 4,000 பேர் செத்தார்கள் என்று சொல்வார்கள். அப்படி வந்து சேர்ந்த இன்றைய ஓக்லஹோமாவில் நிலத்தைப் பொதுவில் வைத்து அவர்கள் வாழ்ந்துகொண்டிருக்க, அதையும் ஆளுக்கு இத்தனை ஏக்கர் என்று துண்டு போட்டு மிச்சத்தை வெளியாருக்குத் திறந்துவிடுவதற்காக 1898-லிருந்து எடுத்த பட்டியல் இது. ரெட்பேர்ட் ஸ்மித் என்ற தலைவர் பெயர் கொடுக்க மாட்டேன் என்று நின்றதற்கு 1902-ல் சிறையில் போட்டார்கள். நிலம் கிடைக்கும் என்று தெரிந்ததும் சம்பந்தமே இல்லாதவர்களும் வரிசையில் வந்து நின்றார்கள். செரோக்கி உட்பட இந்தப் பட்டியலில் வந்த ஐந்து பழங்குடி இனங்களுக்கும் சேர்த்து இரண்டரை லட்சத்துக்கு மேல் விண்ணப்பம், ஏற்றுக்கொண்டது ஒரு லட்சத்துச் சொச்சம். நிஜமான செரோக்கியாக இருந்தும் அந்த நேரத்தில் டெக்சஸுக்கோ வேறெங்கோ குடிபோயிருந்தவர்களுக்கு இடமில்லை. ஒரு தேசத்தைக் கலைக்க எழுதிய பட்டியலே இன்றைக்கு அந்தத் தேசத்துக்குள் நுழைய வாசலாக இருக்கிறது, என்ன சொல்ல!

அதற்குள்ளேயும் ஒரு அநியாயம் உண்டு. செரோக்கிகளில் வசதியானவர்கள் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். 1866 ஒப்பந்தம் அந்த அடிமைகளையும் அவர்கள் சந்ததியையும் குடிமக்கள் என்றது. ஆனால் டாஸ் அதிகாரிகள் அவர்களைத் தனிப் பட்டியலில் போட்டு, பெற்றவர்களில் ஒருவர் செரோக்கி என்றாலும் ரத்த அளவை எழுதாமல் விட்டார்கள். 2007-ல் செரோக்கி நேஷன் குடிமக்கள் ஓட்டுப் போட்டு அந்தச் சந்ததியை வெளியேற்றப் பார்த்தார்கள், 2017-ல் அமெரிக்க நீதிமன்றம் உரிமையை உறுதி செய்தது, 2021-ல்தான் குடியுரிமையை ரத்தவழி வந்தவர்களோடு நிறுத்திய ‘ரத்தத்தால்’ என்ற சொல்லை செரோக்கி உச்ச நீதிமன்றமே அரசியல் சாசனத்திலிருந்து நீக்கியது.

அப்போ நிஜமாகவே தேட ஆசைப்படுகிறவர் என்ன செய்வது? மூதாதை யாராக இருக்கலாம் என்று கற்பனை செய்துகொண்டு அங்கிருந்து இறங்கி வரக் கூடாது. தன்னிலிருந்து ஆரம்பித்து அப்பா அம்மா, தாத்தா பாட்டி என்று பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களோடு பின்னால் போக வேண்டும். 1900-ல் குடும்பம் எந்த ஊரில் இருந்தது என்று பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். டாஸ் பட்டியலை இணையத்திலேயே இலவசமாகத் தேடலாம். அதில் இல்லாவிட்டால் கிழக்குச் செரோக்கிகளுக்கு இழப்பீடு கொடுப்பதற்காக எடுத்த 1909-ன் மில்லர் பட்டியலுக்கான விண்ணப்பங்களைப் பாருங்கள், தள்ளுபடியான விண்ணப்பத்தில்கூட தாத்தா பாட்டி பெயர், பிறந்த இடம் எல்லாம் எழுதியிருக்கும். பெயர் மட்டும் ஒத்துப்போனால் போதாது, அது வேறொருவராக இருக்கலாம்.

ஒன்றும் கிடைக்கவில்லையா, பரவாயில்லை. செரோக்கி மொழியை செரோக்கி நேஷனே இணையத்தில் இலவசமாகக் கற்றுத் தருகிறது. செகோயா என்ற செரோக்கிக்காரர் 1821-ல் தங்கள் மொழிக்கு உருவாக்கிய எழுத்தைப் படிக்க யாரும் குடிமக்கள் அட்டையைக் கேட்பதில்லை.

கட்டுரையின் அந்த ஒரு வரிக்கு மட்டும் அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டல்சா, ஓக்லஹோமா