பேப்பர் பேரை வெட்டிவிட்டுப் போட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

‘ரத்தத்தின் ரத்தமே’ என்று தொடங்கினால் மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிடும். தம்பி என்பது அண்ணா நமக்கும் சேர்த்து விட்டுப்போன சொல்தானே, அதையே வைத்துக்கொள்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி நம் ஒன்றிய வாட்ஸ்அப் குரூப்பில் நீ போட்ட பேப்பர் கட்டிங்கைப் பற்றித்தான் இது. அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். இரண்டு வரிக்கு மேல் போனால் அங்கே யாரும் படிப்பதில்லை, அதற்குள் நாலு குட்மார்னிங் படம் வந்து மேலே தள்ளிவிடும். உன்னைப் போலவே கட்டிங் போடுகிறவர்கள் மற்ற ஊர்களிலும் இருப்பதால் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் பேரைச் சொல்லவில்லை, பயப்படாதே.

நம் அ.தி.மு.க. நிர்வாகி ஒருவர் கட்சி வசூல் பணத்தில் கைவைத்தார் என்பது செய்தி. உனக்கும் அவருக்கும் ஆகாது என்பது ஊருக்கே தெரியும். நீ போட்ட படத்தில் மேல்பக்கம் இல்லை. பேப்பர் பேரும் தேதியும் இருக்கிற பட்டையைச் சரியாக வெட்டியிருந்தாய். “எந்தப் பேப்பர் தம்பி?” என்று ஒருத்தர் கேட்டதற்கு, “பேப்பரா முக்கியம், மேட்டரைப் பாருங்கண்ணே” என்றாய்.

26 வருஷம் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் பேப்பர் ஏஜென்டாக இருந்தவன் நான். மதுரையிலிருந்து வேனில் வந்து விழுகிற கட்டை விடிகாலை இருட்டில் சணல் அறுத்துப் பிரித்தே பழகிய கை. எழுத்தின் தடிமனையும் பத்திக்குப் பத்தி விடுகிற இடைவெளியையும் பார்த்தாலே எந்தப் பேப்பர் என்று சொல்லிவிடுவேன். நீ போட்டது எதிர்க்கட்சிக்காரர்களுக்கு வேண்டிய பேப்பர். அதில் தப்பில்லை என்றுகூட விட்டிருப்பேன். மூன்றாவது பத்தியைப் படித்தாயா? நம் கட்சியையே ‘அடிமைக் கூட்டம்’ என்று எழுதியிருக்கிறான். ஒரு ஆளை அடிக்கிற அவசரத்தில் அதையும் சேர்த்து 240 பேருக்கு அனுப்பிவைத்திருக்கிறாய்.

மூன்றே நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, அந்த நிர்வாகியின் ஆள் ஒருத்தர் பதிலுக்கு ஒரு டிவி வீடியோவின் லிங்க்கைப் போட்டார். உடனே நீ, “அது அவங்க டிவி, அதுல உண்மை எங்கே வரும்” என்றாய். வாங்குவதற்கு ஒரு படி, விற்பதற்கு ஒரு படி வைத்திருக்கும் தவசக் கடைக்காரனை உங்கள் தாத்தா எப்படித் திட்டுவார் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

‘அவங்க டிவி’, ‘நம்ம பேப்பர்’ என்கிறாயே, அது எத்தனை நாளைக்கு நிற்கும் என்று நினைக்கிறாய்? 2017 பிப்ரவரி 7 ராத்திரி ஓ.பி.எஸ். சசிகலாவை எதிர்த்து அம்மா சமாதியில் போய் உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் வரை, சசிகலா குடும்பத்தின் கையில் இருந்த ஜெயா டிவி நம் எல்லோருக்கும் நம்ம டிவி. மறுநாள் காலையில் கட்சியில் பாதிப் பேருக்கு அது அவங்க டிவி. மார்ச்சில் இரட்டை இலையை முடக்கினார்கள், ஆகஸ்டில் இரண்டு அணியும் சேர்ந்தன, நவம்பரில் இலை திரும்பி வந்தது. கட்சியும் ஆட்சியும் கையில் இருந்தும், அப்படிச் சேர்ந்தவர்கள் சொந்தமாக ஒரு பேப்பர் இல்லாமல் நின்றார்கள். 2018 பிப்ரவரி 24-ல், அம்மா பிறந்தநாளில், ‘நமது அம்மா’ வந்தது. முதல் கட்டு வந்த அன்று கடையில் நம் ஆட்கள் எனக்கு மாலை போடாத குறைதான். நான் அச்சடித்த மாதிரி!

அந்தப் பேப்பரில் நிறுவனர் என்று எடப்பாடியார், ஓ.பி.எஸ். இருவர் பேரும் இருக்கும். 2022-ல் ஒற்றைத் தலைமைக்கு இருவரும் மோதிக்கொண்டபோது, ஜூன் கடைசியில் ஒருநாள் அதில் ஓ.பி.எஸ். பேர் இல்லை. அச்சுப்பிழையோ என்று நினைத்து இன்னொரு பிரதியை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை. முந்தின வாரம் வரை அந்தப் பேப்பரைத் தூக்கிக் காட்டி மற்றவர் வாயை அடைத்துக்கொண்டிருந்த நம் ஒன்றியத்துப் பெரியவர் ஒருவர், ஓ.பி.எஸ். பக்கம் இருந்தவர், அன்று காலை கடைக்கு வந்து அதைப் புரட்டிவிட்டு, மடித்து, காசு கொடுக்காமல் கல்லாமேல் வைத்துவிட்டுப் போனார். ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வீடான தி.மு.க.விலும் இதே கதைதான். 2007 மே 9-ல், கலைஞருக்குப் பிறகு யார் என்று, சன் டிவி நடத்துகிற மாறன் குடும்பத்தின் தினகரன் பேப்பரில் ஒரு கருத்துக்கணிப்பு வந்தது. அன்றைக்கே மதுரையில் அந்த அலுவலகத்தை எரித்தார்கள். உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த 3 பேர் செத்துப்போனார்கள். யார் பிள்ளைகளோ. அந்தக் கணிப்பில் எத்தனை பேரைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்று அன்று என் கடையில் பேப்பர் வாங்கிய ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. “யார் போடச் சொன்னது?” என்பது ஒன்றுதான் கேள்வி. சில நாளில் தயாநிதி மாறன் மந்திரி பதவியை விட்டார். செப்டம்பர் 15-ல் கலைஞர் டிவி வந்தது. அதுவரை சன் டிவிதான் தி.மு.க. டிவி என்று நாம் திட்டிக்கொண்டிருந்தோம், ஞாபகம் இருக்கா? உனக்கு எங்கே இருக்கும், அப்போது நீ டவுசர் போட்ட பையன்.

இதனால் கட்சிக்காரன் பேப்பர் எல்லாம் பொய் என்று சொல்ல வருகிறேன் என்று நினைத்துவிடாதே. என் கடையில் முரசொலியும் நம்ம பேப்பரும் பக்கத்துப் பக்கத்துக் கிளிப்பில்தான் தொங்கும். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் தினமும் இரண்டையும் காசு கொடுத்து வாங்குவார், முதலில் எதிராளி பேப்பரைத்தான் படிப்பார். நம் ஆட்சியில் எந்த ஊரில் குடிதண்ணீருக்கு மறியல் நடந்தது என்று நம்ம பேப்பரில் வராது, அதில் வரும். அவர்கள் மாநாட்டுக்கு எத்தனை லட்சம் பேர் வந்தார்கள் என்பதை மட்டும் அதில் படிக்கக் கூடாது என்பார். தனக்குப் பாதகமான ஒன்றை ஒரு கட்சிப் பேப்பரே போட்டுவிட்டால், அதைக் கத்தரித்து டைரியில் ஒட்டிவைப்பார். எதிர்த்தரப்பு சாட்சி நம் பக்கம் பேசினால் வக்கீல் விடுவாரா, அந்த மாதிரி. நீ போட்ட கட்டிங் அந்த வகையில்லை. நம் ஆளை நம்மை வைத்தே அடிக்க அவனுக்குக் கசக்குமா?

என் குட்டையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஆகஸ்ட் 17-ல் ஹைகோர்ட்டில் தனி நீதிபதி, ஜூன் 23-ல் இருந்த நிலையே தொடரணும், எடப்பாடியாரை இடைக்காலப் பொதுச்செயலாளர் ஆக்கிய ஜூலை 11 பொதுக்குழு செல்லாது என்று சொன்னார். எனக்கு வேண்டிய ஒரு சேனலில் அதைப் பார்த்துவிட்டு, “முடிந்தது கதை, இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது” என்று குரூப்பில் போட்டேன். தீர்ப்பை நான் படிக்கவில்லை. மேல்முறையீடு என்று ஒன்று உண்டு என்பதைச் சேனல்காரன் கடைசியில் அரை வரியில் சொன்னான், அதைக் காதில் வாங்கவில்லை. செப்டம்பர் 2-ல் இரு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார்கள். 2023 பிப்ரவரி 23-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. என் மெசேஜை ஒருத்தன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்து, சரியாக அன்றைக்குப் போட்டான். இன்றைக்கும் என் பேத்தி அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த நிர்வாகி பணத்தில் கைவைத்தாரா இல்லையா, எனக்குத் தெரியாது. வைத்திருக்கலாம். அப்படி வைத்திருந்தால் அதற்கு வசூல் ரசீதுப் புத்தகம் இருக்கிறது, அடிக்கட்டை இருக்கிறது, யார் யார் எவ்வளவு கொடுத்தோம் என்று சொல்ல நாங்கள் இருக்கிறோம். நான் 500 கொடுத்தேன், ரசீது பீரோவில் கிடக்கிறது. இத்தனையும் ஊருக்குள்ளேயே இருக்கும்போது, நம்மை அடிமை என்கிறவன் பேப்பரை, அதுவும் பேரை மறைத்து, கொண்டுவந்து காட்டினாய். இப்போது குரூப்பில் யாரும் பணத்தைப் பற்றிப் பேசுவதில்லை, கட்டிங்கைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்த ஆள் நிம்மதியாகத் தூங்குகிறார். அவருக்கு இதைவிடப் பெரிய உதவியை அவர் ஆட்களே செய்திருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஊழியர் கூட்டம் இருக்கிறது. என் ரசீதை எடுத்துக்கொண்டு வருகிறேன், இன்னும் ஏழெட்டுப் பேரிடமும் சொல்லியிருக்கிறேன். அடிக்கட்டையைக் கேட்க நீ எழுந்தால் நானும் எழுந்து நிற்பேன். அந்தப் பேப்பரையும் கொண்டு வா, முழுத் தாளாக, மேல்பட்டையோடு. வீட்டில் இல்லையென்றால் இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிற பையனிடம் கேள், விற்காத பேப்பர் ரிட்டர்ன் கட்டு திங்கட்கிழமைதான் போகும்.

அன்புடன்,
பஸ் ஸ்டாண்டு பேப்பர்க்கடை அண்ணன்