நந்தனைப் பாடுகிறீர்கள், வேதியரை எங்கே விட்டீர்கள்?

சென்னை சபாக்களின் செயலாளர்களுக்கும் நிகழ்ச்சிக் குழுவினருக்கும்,

வணக்கம். சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி மாலை, உங்களில் ஒருவருடைய அரங்கில் மாஞ்சி ராகத்தில் 'வருகலாமோ' கேட்டுக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பக்கத்தில் இருந்த இளைஞன் மெதுவாகக் கேட்டான்: "யாரு சார், எங்க வரலாமான்னு கேக்கறாங்க?" மங்களம் முடிந்ததும் வெளியே வந்து, காபி ஆறிப்போகும்வரை அவனுக்கு நந்தனின் கதையைச் சொன்னேன்: தீண்டாதவன் என்று ஒதுக்கப்பட்டும் சிதம்பரம் கோயிலுக்குள் போக ஏங்கிய சிவபக்தனின் கதை. ஆறு வருடம் பாட்டு கற்றவனாம். பாட்டு தெரியும், கேள்வி யாருடையது என்று தெரியாது.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். நாம் அவனுக்குக் கொடுத்தது அவ்வளவுதான்.

ஒரே மனிதரின் கதையைத் தமிழில் வெவ்வேறு காலத்தவர் சொல்லியிருக்கிறார்கள். சுந்தரர் ஒரு வரியில் நந்தனைத் திருநாளைப்போவார் என்று வணங்கிவிட்டு நகர்ந்துவிட்டார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அந்த ஒரு வரியை விரித்தார். அவருடைய நந்தனார் ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். ஊர் விட்ட பறைத்துடவை, அதாவது பறைத் தொழிலுக்கான மானிய நிலம், அவருடைய சாப்பாட்டுக்கு ஆதாரம். கோயில் பேரிகைகளுக்குப் 'போர்வைத்தோல் விசிவார்' கொடுக்கிறார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுக்கிறார். கோயிலில் ஒலிக்கும் இசை முழுக்க அவர் கைபட்ட பொருளிலிருந்து வருகிறது, அவருக்கு மட்டும் வாசல் இல்லை. சேக்கிழார் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் தோலையும் வாரையும் நரம்பையும் பெயர் சொல்லி எழுதிவைத்தார்.

சேக்கிழாரின் பாடல்களில் நிலக்கிழார் கிடையாது. வேதியர் என்ற பண்ணையாரைக் கொண்டுவந்தவர் 19-ஆம் நூற்றாண்டில் 'நந்தன் சரித்திரம்' எழுதிய கோபாலகிருஷ்ண பாரதி; 'வருகலாமோ' அதில் வரும் பாட்டுதான். நரிமணத்தில் பிறந்து, மாயவரத்துக்குப் பக்கத்தில் ஆனைதாண்டவபுரத்தில் வாழ்ந்த பிராமணர். காவிரிக் கரையின் நஞ்சையும் அதில் குனிந்த முதுகுகளும் அவர் தினம் பார்த்த காட்சி. அடிமை முறைக்கு இருந்த சட்ட அங்கீகாரத்தை கும்பெனி அரசு 1843-ல்தான் நீக்கியது; அப்போது பாரதிக்கு முப்பது வயதுக்கு மேல். சட்டம் வந்ததால் பண்ணையாள் வீட்டில் மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை. ஆகவே அவருடைய நந்தன் மானிய நிலத்துக்காரன் இல்லை, பண்ணையாள். சிதம்பரம் போக ஆண்டையிடம் அனுமதி கேட்டு நிற்கிறான். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். நாற்பது வேலி என்றால் இருநூற்றைம்பது ஏக்கருக்கும் மேல்! ஒரே இரவில் அது விளைந்து நிற்பதைப் பார்த்துத்தான் அவர் நந்தன் காலில் விழுகிறார்.

தெய்வம் வந்து வேலையை முடித்துக் கொடுத்தால்தான் ஆண்டையின் மனம் மாறும் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. தில்லையின் தெற்கு வாயிலில் தீயில் இறங்கி எழுந்தால்தான் உள்ளே வரலாம் என்பது அதைவிட உறுத்தல். ஆனாலும் பாரதி தன் ஊரைப் பார்த்து எழுதினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்த நூலுக்குச் சிறப்புப் பாயிரம், அதாவது பாராட்டுப் பாடல், தர முதலில் தயங்கினார். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாரதி பாடியதைக் கேட்ட பிறகே மனம் இளகிக் கொடுத்தார் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார்.

சேக்கிழாருடையது ஒரு நந்தன், பாரதியுடையது ஒரு நந்தன். இப்போது ஓடிக்கொண்டிருப்பது உங்களுடைய நந்தன். அவனுக்கு ஊர் இல்லை, வயல் இல்லை, ஆண்டை இல்லை. மாஞ்சி இருக்கிறது, 'சற்றே விலகி இரும் பிள்ளாய்' பாடுவதற்குப் பூர்விகல்யாணி இருக்கிறது. குறளையும் நாம் இப்படித்தான் பாதியாக்கினோம்: 'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்' என்று மேடையில் முழங்குவோம், அடுத்த அடியில் 'செய்தொழில் வேற்றுமை' என்று வருகிறதே, அதை எப்படிப் புரிந்துகொள்வது என்று பேச மாட்டோம்.

நந்தனின் பெயரை முழுதாக எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். சுவாமி சகஜானந்தர் 1916-ல் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கியபோது நந்தனாரின் பெயரைத்தான் வைத்தார். ஊருக்குள் கோயிலும் இருந்தது, அந்தப் பள்ளியும் இருந்தது.

இதையெல்லாம் உங்களில் ஒரு செயலாளரிடம் சொல்லிப் பார்த்தேன். நல்ல மனிதர்தான். "சார், வர்றவங்க நிம்மதியா கேட்டுட்டுப் போகட்டுமே" என்றார். சரி, நிம்மதியாகவே கேட்கட்டும். ஆனால் அந்த நிம்மதிக்காக எதை வெட்டினீர்கள் என்பது உங்களுக்காவது தெரிய வேண்டும்.

மேடையில் இருக்கும் மிருதங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பலாக் கட்டை, பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல். அதற்குத் தோல் பார்த்து வாங்கி, சீவி, வார் பிடித்து, நாதம் வரும்வரை உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் யார் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். பாலக்காடு மணி ஐயரை அறியாத ரசிகர் இல்லை. அவருக்காக மிருதங்கம் செய்த பர்லாந்துவை எத்தனை பேருக்குத் தெரியும்? சேக்கிழார் எழுதிவைத்த தோலும் வாரும் எண்ணூறு வருடம் கழித்தும் அதே பக்கத்திலிருந்துதான் வருகின்றன. 2020-ல் அந்தக் கைவினைஞர்களைப் பற்றிய ஒரு நூலின் வெளியீட்டுக்கு, முதலில் அரங்கம் தருவதாகச் சொன்ன நிறுவனம் பிறகு மறுத்துவிட்டது.

நான் கேட்பது இரண்டுதான். வரும் சீசனில் ஒரு மாலை முழுவதையும் நந்தன் சரித்திரத்துக்கு ஒதுக்குங்கள். கதையும் பாட்டுமாகச் சொல்லும் கதாகாலட்சேபமாக, வேதியர் பேசும் இடங்களையும் வெட்டாமல். திருவாதிரையை ஒட்டி வைத்தால் பொருத்தமாக இருக்கும், அவன் போக ஏங்கிய நாள் அதுதானே. அப்புறம், நிகழ்ச்சி நிரலில் பாடுபவர், வயலின், மிருதங்கம் என்று அச்சிடுகிறீர்களே, அதன் கீழே 'மிருதங்கம் செய்தவர்' என்று ஒரு வரி சேருங்கள். மைக்காரர் பெயரையும் ஸ்பான்சர் பெயரையும் போட இடம் இருக்கிறது, இதற்கும் இருக்கும்.

அந்த இளைஞனின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். தேதி முடிவானால் சொல்லுங்கள், அவனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். டிக்கெட் வாங்கித்தான்.

இப்படிக்கு,
கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் வழக்கமாக உட்காரும் ஒரு ரசிகன்