சாலை யாருடையது? வசந்தாவுக்கு ஒரு கடிதம்

சில்வர் ஸ்பிரிங், மேரிலாந்து, அமெரிக்கா

அன்புள்ள வசந்தா,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் மனுக்களை வாங்கி, தேதி முத்திரை குத்தி, துறைவாரியாகப் பிரித்து அனுப்பியே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவள் நீ. அதனால்தான் எல்லோரும் கேட்கும் கேள்விகளை விட்டுவிட்டு, "அங்கே ரோடும் பஸ்ஸும் யார் பொறுப்பு, குறை என்று போனால் காது கொடுத்துக் கேட்கிறார்களா" என்று கேட்டிருக்கிறாய். மகளோடு இங்கே வந்து தங்கிய நாளிலிருந்து எனக்கும் இதைக் கவனிப்பதில் ஒரு ருசி உண்டு. கார் ஓட்டத் தெரியாதவளுக்கு இந்த நாட்டில் பஸ்ஸையும் நடைபாதையையும் விட்டால் வேறு கதி கிடையாது. ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மாண்ட்கோமரி கவுண்டி. வாஷிங்டன் நகரத்தை ஒட்டி வடக்கே இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி 10 லட்சத்து 62 ஆயிரம் பேர். கவுண்டி என்பது வேலையில் நம் மாவட்டத்தை நினைவூட்டினாலும், தலைவர் இங்கே அரசு அனுப்பிவைக்கும் அதிகாரி அல்லர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர். அவருக்கு எதிரே, 2022 முதல் பதினொரு உறுப்பினர்களைக் கொண்ட ஒரு மன்றம் இருக்கிறது. போக்குவரத்துத் துறையின் இயக்குநரை நிர்வாகத் தலைவர் நியமிக்க, மன்றம் ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒரே துறையின் கீழ் சாலைப் பராமரிப்பு, போக்குவரத்து சிக்னல், தெரு மரங்கள், வாகன நிறுத்துமிடங்கள், 'ரைட் ஆன்' என்ற பேருந்துகள், இலையுதிர் காலத்தில் சில பகுதிகளில் சாலையோரம் குவித்து வைத்த சருகை ராட்சதக் குழாய் வைத்து உறிஞ்சிக்கொண்டு போகும் வேலை, எல்லாம் வருகின்றன. பள்ளிப் பேருந்துகள் மட்டும் இதில் சேராது. அவை கல்வி நிர்வாகத்தின் தனி உடைமை.

ரைட் ஆன் பிறந்த கதை எனக்குப் பிடித்தமானது. வாஷிங்டன் வட்டாரம் முழுவதற்கும் பொதுவான பெரிய போக்குவரத்து ஆணையம் ஒன்று 1967 முதலே இருக்கிறது. மெட்ரோ ரயிலையும் மெட்ரோ பஸ்ஸையும் அதுதான் நடத்துகிறது. ஆனால் அதன் பெரிய பஸ்கள் பெரிய சாலைகளில்தான் ஓடின. உள்ளே, தெருக்களுக்குள் குடியிருப்பவர்கள் என்ன செய்வது? அந்த இடைவெளியை நிரப்ப 1975 இல் சில்வர் ஸ்பிரிங், டக்கோமா பார்க் பகுதிகளில் சிறிய பஸ்களை விட்டு கவுண்டி தானே இறங்கியது. 1978 இல் சில்வர் ஸ்பிரிங்குக்கு மெட்ரோ ரயில் வந்தது. 1984 இறுதியில் அதே தடம் ஷேடி குரோவ் வரை நீண்டது. வீட்டுத் தெருவிலிருந்து ஆளைக் கொண்டுவந்து ரயிலடியில் சேர்க்கும் வேலை இந்தச் சின்ன பஸ்களுக்கு வாய்த்தது. இன்று ஏறத்தாழ 80 தடங்களில் ஓடுகின்றன. பெரும்பாலானவை ஏதாவது ஒரு ரயில் நிலையத்தைத் தொடாமல் போவதில்லை.

இனி உனக்குச் சுவாரசியமான செய்தி. 2025 ஜூன் 29 முதல் ரைட் ஆனில் யாருக்கும் கட்டணமில்லை. நம் ஊரில் 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும், நடத்துநர் ஒரு சீட்டைக் கிழித்துத்தான் தருகிறார். அந்தக் கணக்கைக் காட்டித்தான் போக்குவரத்துக் கழகங்கள் அரசிடமிருந்து பணம் பெற வேண்டும். இங்கே சீட்டும் இல்லை, கட்டண அட்டையும் இல்லை, ஆணா பெண்ணா உள்ளூரா வெளியூரா என்ற கேள்வியும் இல்லை. கொரோனா காலத்தில் கட்டணத்தை நிறுத்தினார்கள். 2022 இல் பழைய இரண்டு டாலரைப் பாதியாக்கி ஒரு டாலர் என்று மீண்டும் தொடங்கினார்கள். இதற்குள் பஸ்ஸில் இருந்த உண்டியல் இயந்திரங்கள் பழசாகிவிட்டன. எல்லாவற்றையும் மாற்றப் பெரும் பணம் வேண்டும். உண்டியலில் விழும் தொகையோ பஸ்ஸை ஓட்டும் செலவில் ஒரு சிறு பங்குதான். ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் குறைந்த வருமானக்காரர்கள். வசூலிப்பதற்காகவே செலவழித்து வசூலிப்பானேன் என்று நிறுத்திவிட்டார்கள். தர்மம் என்று இதை யாரும் பேசவில்லை, கணக்கு என்றுதான் பேசினார்கள். எனக்கு அதுவே மதிப்பாகத் தோன்றியது.

ஆனால் அந்த இலவசம் ரயில் நிலைய வாசலோடு முடிந்துவிடும். உள்ளே நுழைந்தால் வட்டார ஆணையத்தின் எல்லை. அட்டையைத் தட்டினால்தான் கதவு திறக்கும். ஆணையத்தின் பஸ்ஸிலும் கட்டணம் உண்டு. ஒரே நிறுத்தத்தில் இரண்டு பஸ்கள் அடுத்தடுத்து வரும். ஒன்றில் காசு வேண்டாம், மற்றதில் இரண்டேகால் டாலர். அதே ஜூன் 29 அன்றுதான் ஆணையமும் தன் பஸ் தடங்களின் பெயரையும் எண்ணையும் ஒட்டுமொத்தமாக மாற்றியது. புதிதாக வந்தவர்களுக்கு எது எவருடைய பஸ் என்று விளங்கச் சில வாரங்கள் பிடித்திருக்கும்.

நான் சொல்ல வந்த விஷயமும் இதுதான், வசந்தா. தன் எல்லைக்குள் இந்தத் துறை நன்றாகவே வேலை செய்கிறது. சிக்கல் முழுவதும் இரண்டு அலுவலகங்களின் எல்லை சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. பங்காளி வீடுகளுக்கு நடுவே நிற்கும் பொதுச்சுவரை யாரும் வெள்ளையடிப்பதில்லை அல்லவா, அது இங்கேயும் உண்டு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் நிறுத்தத்தில் காத்திருந்தால் என்ன நடக்கிறது என்பதை நீ பார்க்க வேண்டும். பஸ் நின்றதும் 'புஸ்' என்று காற்றை விட்டு முன்பக்கம் தாழ்கிறது. வாசலிலிருந்து ஒரு சாய்பலகை வெளியே விரிகிறது. ஓட்டுநர் எழுந்து வந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை நகரச் சொல்லி, இருக்கையை மடக்கி, நாற்காலியின் முன்னும் பின்னும் பட்டைகளை மாட்டி இறுக்கி, எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போய் உட்காருகிறார். இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. யாரும் உச்சுக்கொட்டுவதில்லை, அது பயணத்தின் ஒரு பகுதி என்று எல்லோருக்கும் பழகியிருக்கிறது. இதற்குப் பின்னால் இருப்பது ஓட்டுநரின் நல்ல மனம் மட்டும் அல்ல, 1990 இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம். நிறுத்தத்தின் பெயரை உரக்க அறிவிப்பதும் அந்தச் சட்டத்தால் வந்ததே. சாதாரண பஸ்ஸைப் பயன்படுத்தவே முடியாதவருக்கு, பஸ் தடத்திலிருந்து முக்கால் மைலுக்குள் அவர் இருந்தால், தனி வண்டி அனுப்ப வேண்டும் என்றும் அது சொல்கிறது. இவை தவிர, வருமானம் குறைந்த முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் டாக்ஸியில் சலுகைக் கட்டணத்தில் போக கவுண்டியே உதவும் திட்டம் ஒன்றும் இருக்கிறது. உன் மனுக்கட்டில் 'பேருந்தில் ஏற முடியவில்லை' என்ற விண்ணப்பங்கள் எத்தனை இருந்தன என்பது எனக்கு நினைவிருக்கிறது.

குறை சொல்வதற்கு 311 என்ற எண் 2010 முதல் இருக்கிறது. 911 உயிர் போகிற அவசரத்துக்கு; 311 மற்றதற்கெல்லாம். குழி விழுந்திருக்கிறது, தெருவிளக்கு எரியவில்லை, மரக்கிளை முறிந்து தொங்குகிறது என்று சொன்னால் ஓர் எண் தருகிறார்கள். எந்த வகைக் குறைக்கு எத்தனை நாள் என்று கெடுவும் வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணைப் போட்டு நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். நீ பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதிவைத்த 'நிலுவை' என்ற கலம் இங்கே மனு கொடுத்தவர் கண்ணிலேயே படுகிறது என்று வைத்துக்கொள்.

ஆனால் குழி எந்தச் சாலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். கவுண்டியின் பராமரிப்பில் 5,000 தட மைலுக்கு மேல் இருக்கிறது. இரண்டு தடமுள்ள ஒரு மைல் சாலையை இரண்டாக எண்ணும் கணக்கு அது. ஆயினும் எண் போட்ட பெரிய சாலைகள், அதாவது ஜார்ஜியா அவென்யூ, ராக்வில் பைக், கோல்ஸ்வில் ரோடு போன்றவை, மேரிலாந்து மாநிலத்துக்குச் சொந்தம். ராக்வில், கெய்தர்ஸ்பர்க் போன்ற நகரங்கள் தங்கள் உள்தெருக்களைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. ஆக, வீட்டிலிருந்து புறப்பட்டு அரை மணி நேரம் நடக்கும் ஒருவர், தன்னை அறியாமலே இரண்டு மூன்று அரசுகளின் எல்லைகளைக் கடந்துவிடுகிறார். இதில் ஒரு விசித்திரம்: மாநிலச் சாலையில் நிற்கும் சிக்னல்களையும் ஒப்பந்தப்படி கவுண்டித் துறையே இயக்குகிறது. விளக்கு இவர்கள் கையில், அதன் கீழே இருக்கும் தார் அவர்கள் கையில்.

நெடுஞ்சாலைத் துறை, ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, தேசிய நெடுஞ்சாலை என்று மனுக்கள் பந்தாடப்படுவதைப் பார்த்தவளுக்கு இது புதிதாக இருக்காது. இதைவிட வேடிக்கை ஆற்றுக்கு அந்தப் பக்கம். பொட்டோமாக் நதியைத் தாண்டினால் வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி. எங்களைவிடச் சற்றே பெரியது. அங்கும் போக்குவரத்துத் துறை உண்டு, 1985 முதல் சொந்தப் பேருந்துகளும் உண்டு. ஆனால் சாலைகள் இல்லை! 1932 இல், பொருளாதார மந்தத்தில் கவுண்டிகள் தவித்தபோது, கிராமச் சாலைகளை மாநிலமே ஏற்றுக்கொள்ளும் சட்டம் வந்தது. இன்று ஆர்லிங்டன், ஹென்ரைகோ என்ற இரண்டு கவுண்டிகள் மட்டுமே தம் சாலைகளைத் தாமே வைத்திருக்கின்றன. ஃபேர்ஃபாக்ஸில் வீட்டு வாசல் தெருவில் குழி விழுந்தாலும் மாநிலத் துறையிடம்தான் சொல்ல வேண்டும். ஒரு கவுண்டியின் போக்குவரத்துத் துறை நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை என்பது இதனால்தான். அதன் கையில் என்ன இருக்கிறது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

பனிக்காலத்தில் இந்த எல்லைகள் கண்ணுக்கே தெரியும். பனி வருகிறது என்று வானிலை சொன்னதும், முந்தைய நாளே உப்புநீரைத் தெளித்துக்கொண்டு லாரிகள் போகின்றன. சாலையில் வெள்ளைக் கோடுகளாக அது காய்ந்து கிடக்கும். பனி விழத் தொடங்கியதும் முக்கியச் சாலைகளையும் பஸ் போகும் தடங்களையும் முதலில் வழிக்கிறார்கள். பிறகுதான் குடியிருப்புத் தெருக்கள். எங்கே வழித்தாகிவிட்டது என்பதை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மாநிலச் சாலையை மாநில லாரியும், கவுண்டித் தெருவைக் கவுண்டி லாரியும் வழிக்க, நடைபாதையை யார் வழிப்பது? சட்டப்படி அந்தந்த வீட்டுக்காரர், கடைக்காரர். பனி நின்ற 24 மணி நேரத்துக்குள். பெரும்பாலோர் செய்கிறார்கள். ஆயினும் லாரியின் அலகு சாலைப் பனியைத் தள்ளி ஓரத்தில் குவிக்கும்போது, அந்தக் குவியல் நடைபாதை சாலையில் இறங்கும் இடத்திலும் பஸ் நிறுத்தத்திலும் சுவராக எழும்பி, இரவில் கல்லாக உறைந்துவிடும். பனி பெய்யும் ஊர்களில் எங்கும் உள்ள வழக்கு இது. சாலை பளபளவென்று கறுப்பாக இருக்கும். பஸ் நேரத்துக்கு வரும். ஏற வேண்டியவர் முழங்கால் உயரப் பனிமேட்டின் மறுபக்கத்தில் நிற்பார்.

உயிர் சம்பந்தப்பட்டதும் இதே இடத்தில்தான் வருகிறது. சாலை விபத்து மரணங்களை 2030 க்குள் அறவே ஒழிப்பது என்ற இலக்கை இந்தக் கவுண்டி 2016 இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் பாதசாரிகளுக்கு மிக ஆபத்தானவை ஆறு தடம் அகன்ற மாநிலச் சாலைகள். அவற்றின் ஓரங்களில்தான் கவுண்டியின் பஸ் நிறுத்தங்கள் இருக்கின்றன. நிறுத்தத்துக்கு எதிரே கடக்கும் வழி போடுவதென்றால் கவுண்டி கேட்க வேண்டும், மாநிலம் இசைய வேண்டும், ஆய்வு நடக்க வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும். அதுவரை, பஸ்ஸிலிருந்து இறங்கி எதிர்ச்சாரியில் இருக்கும் அடுக்ககத்துக்குப் போகிறவர், அடுத்த சிக்னல் வரை நடந்து திரும்பி வருவாரா, குறுக்கே ஓடுவாரா? கையில் கனமான பையோடு இருக்கும் பெண்கள் எதைச் செய்கிறார்கள் என்பதை நான் பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன்.

மின்சாரப் பேருந்துகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். சில்வர் ஸ்பிரிங்கிலேயே ப்ரூக்வில் என்ற பணிமனையில் 2022 இல் பஸ்கள் நிற்கும் இடத்துக்கு மேலே பந்தல்போலச் சூரியத் தகடுகளைப் போட்டு, ஊரில் மின்சாரம் போனாலும் பஸ்களுக்கு மின்னேற்றம் தொடரும்படி தனி மின்கட்டமைப்பு அமைத்திருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் பயணிக்கு அதைவிட முக்கியம் பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதே. ஞாயிற்றுக்கிழமைகளில் சில தடங்களில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது.

காது கொடுக்கிறார்களா என்றாயே, அதற்கும் ஒரு காலம் இருக்கிறது. நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது. நிர்வாகத் தலைவர் மார்ச் நடுவில் பட்ஜெட்டை வைப்பார். ஏப்ரலில் மன்றம் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும். மே இறுதிக்குள் முடிவு. பெயர் பதிந்துகொண்டால் யாரும் போய் இரண்டு மூன்று நிமிடம் பேசலாம். பஸ் தடத்தில் பெரிய மாற்றம் செய்வதென்றால், மத்திய அரசின் பணம் வருவதால், அது ஏழைகளையும் சிறுபான்மையினரையும் கூடுதலாகப் பாதிக்கிறதா என்று 1964 சிவில் உரிமைகள் சட்டத்தின்படி ஆராய்ந்து காட்டவும் வேண்டும். பேசியதெல்லாம் நடந்துவிடுவதில்லை என்றாலும், பேச்சு பதிவாகிறது. நிராகரித்தவர் யார் என்பதும் பதிவாகிறது. இரண்டாவதுதான் பெரிது என்பது என் எண்ணம்; உனக்கு வேறு அபிப்பிராயம் இருக்கலாம்.

வரும் ஏப்ரலில் பஸ் நிறுத்தங்களில் சேரும் பனியைப் பற்றிப் பேசப் பெயர் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். மகள் சிரிக்கிறாள். மூன்று நிமிடத்தில் ஒரு மனுவை எப்படிச் சொன்னால் அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார் என்பது உன்னைவிட யாருக்குத் தெரியும்? ஊர் பெயரையும் சாலை எண்ணையும் முதலில் சொல்ல வேண்டுமா, பாதிக்கப்படும் ஆட்களைச் சொல்ல வேண்டுமா, இரண்டில் எது எடுபடும் என்று உன் அனுபவத்திலிருந்து எழுது. உங்கள் தெரு ஊராட்சியிலிருந்து நகராட்சிக்கு மாறியது என்றாயே, அதன் பிறகு சாக்கடை யார் கணக்கில் வந்தது என்பதையும் தெரிவி. அண்ணனுக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

என்றும் உன் அன்புள்ள,
சரோஜா