துப்பாக்கி உரிமதாரர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சாயல்குடியிலிருந்து தொண்டி வரை கடலோர ஊர்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மக்களவைத் தேர்தல் நடத்தை விதிகள் 2024 மார்ச் 16 அன்று நடைமுறைக்கு வந்ததும், காவல் நிலையங்களில் துப்பாக்கிகளை ஒப்படைத்தோம். ஜூன் 4 அன்று வாக்கு எண்ணிக்கை முடிந்த பிறகு அவற்றைத் திரும்பப் பெற்றோம். ஒரு நிலையத்தில் சன்னலோரம் சாக்கில் சுற்றி வைக்கப்பட்டிருந்த இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று துருவேறித் திரும்பியது. இரண்டு மாதத்துக்கு மேல் உப்புக்காற்றில் கிடந்தால் இரும்பு என்ன ஆகும் என்பது நம் ஊரில் யாருக்கும் தெரியும். இனி ஒப்படைக்கும்போது குழலுக்கு உள்ளும் புறமும் எண்ணெய் பூசுங்கள். ரசீதில் துப்பாக்கியின் நிலையையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

ஆண்டு முழுவதும் உறுப்பினர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: சுட்ட தோட்டாவின் கூட்டில் வீட்டிலேயே மறுபடியும் வெடிமருந்து அடைத்துக்கொள்ளலாமா? கேள்வி எழுந்ததற்குக் காரணம் இருக்கிறது. தோட்டா வாங்க மதுரை வரை போக வேண்டியிருக்கிறது. போனாலும் கேட்ட ரகம் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளோ, அங்கே வீட்டு மேசையிலேயே இதைச் செய்கிறார்கள் என்று தொலைபேசியில் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். அங்கே சொந்த உபயோகத்துக்கு மருந்து அடைப்பதற்கு மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. செய்து விற்பவருக்குத்தான் தேவை. ஆனால் ஜெர்மனியில் அதே வேலைக்கு வெடிபொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி பயிற்சி முடித்து அனுமதி பெற வேண்டும். பிரிட்டனில் கேப்பு, அதாவது ஊசி குத்தியதும் மருந்துக்குத் தீ மூட்டும் சிறு மூடி, வாங்கவே துப்பாக்கிச் சான்றிதழைக் காட்ட வேண்டும்.

நம் நாட்டில் நிலைமை என்ன? 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதற்கான உரிமத்தைப் பற்றியது. நம் ஒவ்வொருவர் கையிலும் இருப்பது அந்த உரிமம்தான். தோட்டா செய்வதற்கு 5ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். அது நம்மில் ஒருவரிடமும் இல்லை. கூட்டில் புதிதாகக் கேப்பு பொருத்தி, மருந்தும் ரவையும் (சிறு ஈயக் குண்டுகள்) போட்டு வாயை மூடினால் அது தோட்டா செய்த கணக்கில்தான் சேரும் என்பது நாங்கள் கலந்துகொண்ட வழக்கறிஞரின் கருத்து. என் கருத்தும் அதுவே. 5ஆம் பிரிவை மீறினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழாண்டுச் சிறை, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. சில தோட்டாக்களை மிச்சம் பிடிப்பதற்காக எந்தக் குடும்பமும் இந்த ஆபத்தில் இறங்கக் கூடாது.

இன்னும் பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி, தோட்டாவின் பாகங்களும் தோட்டா செய்யும் கருவியும்கூடத் தோட்டாவாகவே கருதப்படும். ஒரு தோட்டாகூடச் செய்யாமல், அடைக்கும் கருவியை மட்டும் வாங்கி அலமாரியில் வைத்திருந்தாலும் கேள்வி வரும். சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாத சிறு பாகங்களுக்கு 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது என்பது உண்மைதான். மேசையில் தனியாகக் கிடக்கும் காலிக் கூட்டுக்கு அது பொருந்தும். அதன் பக்கத்திலேயே கேப்பும் மருந்தும் இருந்தால் அந்த விலக்கை யாரிடம் போய்ச் சொல்வது? குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கும் மருந்தும் ரவையும் அந்தத் துப்பாக்கிக்கு மட்டுமே. அதை எடுத்து 12 போர் (குழலின் விட்ட அளவு) துப்பாக்கிக்கான தோட்டாக் கூட்டில் அடைக்க அந்த உரிமம் இடம் தராது.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இது நம் கடற்கரைக்கு ஒத்து வராத வேலை. செயற்குழுக் கூட்டத்துக்கு உறுப்பினர் ஒருவர் பழைய 12 போர் கூடுகள் சிலவற்றைக் கொண்டுவந்தார். புனே அருகே கட்கியில் உள்ள தோட்டாத் தொழிற்சாலையின் ‘ஷக்திமான்’ ரகக் கூடுகள். பித்தளை அடிப்பகுதியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. நகத்தால் சுரண்டியபோது களிம்போடு பித்தளையும் பொடியாக வந்தது. மடித்து மூடும் வாய்ப்பகுதி வெடித்துப் பிளந்திருந்தது. நடுவில் கேப்பில் ஊசி குத்திய பள்ளம் தெரிந்தது. இப்படிப்பட்ட கூட்டில் கைக்கணக்கில் மருந்து போட்டு, பாட்டனார் காலத்துத் துப்பாக்கியில் சுட்டால் குழலின் அடிப்பக்கம் வெடிக்கலாம். அது முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இடம். அந்தக் கூடுகளை எல்லோருடைய கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னோம். அதன் பிறகு யாரும் மறுபடி கேட்கவில்லை.

அடுத்து, எல்லை தாண்டிக் கொண்டுவரும் விஷயம். வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா என்று பிள்ளைகள் இல்லாத வீடு நம் பகுதியில் அரிது. சுங்கத் துறையின் பயணப் பெட்டி விதிகளில் 50 தோட்டாக்கள் என்று ஓர் எண்ணிக்கை வருகிறது. அதைப் படித்துவிட்டு, 50 வரை கொண்டுவரலாம் என்று சிலர் நம்பியிருக்கிறார்கள். அது சுங்க வரிச் சலுகைக்கான எல்லை மட்டுமே. ஆயுதச் சட்டத்தின் 10ஆம் பிரிவு தனியாக நிற்கிறது. துப்பாக்கி உரிமம் உள்ளவர் தம் சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் கொண்டுவர அது இடம் தருகிறது. உரிமம் இல்லாத மகனோ மருமகனோ அப்பாவுக்காக வாங்கி வந்தால் அந்த இடம் கிடையாது. உரிமம் இல்லாமல் வைத்திருந்ததற்கு மட்டும் இரண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. கேப்பையும் மருந்தையும் விமானத்தில் எந்தப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. தோட்டா என்றால், விமான நிறுவனத்தின் சம்மதத்தோடு, முறையாகக் கட்டி, விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டியில் ஐந்து கிலோ வரை மட்டுமே. சிங்கப்பூரில் தோட்டாவைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் குறைந்தது ஐந்தாண்டுச் சிறை, ஆறு பிரம்படி. இலங்கையில் 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கண்ணுக்கெட்டும் தூரம்தான் என்றாலும் நம் மாவட்ட ஆட்சியர் கொடுத்த உரிமம் அங்கே செல்லாது.

நம் உறுப்பினர் ஒருவரின் பேரன், தாத்தாவின் பழைய பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். விமான நிலையத்தில் பையின் ஓரப் பையிலிருந்து ஒரு தோட்டா வெளியே வந்தது. அன்றைய பயணம் நின்றது. வழக்கு நடக்கிறது. தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972இல் குன்வந்த்லால் வழக்கில் சொல்லியிருப்பதால் பையன் மீள்வான் என்று நம்புகிறோம். ஆனாலும் அந்த வேலை போய்விட்டது. தோட்டா எடுத்துச் செல்லும் பையை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உரிமம் இப்போது ஐந்தாண்டுக்குச் செல்லும். ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உரிமதாரர் எழுபது வயதை எட்டியிருந்தாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசின் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். மூத்த உறுப்பினர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல் போன்ற பறவைகள் சரணாலயங்களிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 34ஆம் பிரிவின்படி பெயரைப் பதிவு செய்திருக்கிறீர்களா என்று சரிபாருங்கள்.

தங்கச்சிமடத்தில் 2018இல் கழிவுநீர்த் தொட்டிக்குத் தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் கிடைத்தது நினைவிருக்கும். மண்ணிலோ கரையிலோ அப்படி எதைக் கண்டாலும் தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். நமக்கு விவரம் தெரியும் என்று எடுத்துப் பார்க்க வேண்டாம்.

உள்ளூரில் தோட்டா விற்பனைக்கு ஒருவருக்காவது உரிமம் வழங்கக் கோரி ஆட்சியரிடம் மனு கொடுக்கும் தீர்மானத்தை இந்தப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

செயலாளர்