பயிற்சி நாளுக்குக் கூலி யார் தருவது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பட்டாசு ஆலை விபத்துகள் பற்றிய உங்கள் தலையங்கம் படித்தேன். தொழிலாளர்களுக்குப் போதிய பாதுகாப்புப் பயிற்சி இல்லை என்பதைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்லியிருந்தீர்கள். சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் பல வருடம் போர்மேனாக இருந்தவன் நான். அது பாதி உண்மைதான் என்பேன். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் சிவகாசியிலேயே வகுப்பு நடத்துகிறது. அந்த நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

எங்கள் பக்கம் பெரும்பாலான வேலைக்குக் கூலி, எண்ணிக்கைக் கணக்கு. எத்தனை குரோஸ் (ஒரு குரோஸ் என்றால் 144 எண்ணம்) முடித்தாயோ அத்தனைக்குத்தான் காசு. வகுப்புக்கு ஆள் கேட்டால் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் அக்காமார்கள் முதலில் கேட்பது, "அண்ணாச்சி, அன்னிக்குக் கூலி யாரு தருவா?" என்பதுதான். இதற்குப் பதில் சொல்ல முடியாத நிர்வாகங்கள் அலுவலகப் பையன்கள் இரண்டு பேரையும் ஒரு கண்காணிப்பாளரையும் அனுப்பிக் கணக்கை முடித்துவிடும். சான்றிதழ் வந்ததும் கோப்பில் ஏறிவிடும். மருந்தில் கை வைக்கிறவர் ஷெட்டிலேயே இருப்பார்.

இதைவிடப் பெரிய ஓட்டை உள்குத்தகை. லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். ஷெட்டுகளைப் பிரித்துப் பிரித்து நாலைந்து பேருக்கு விட்டிருப்பார்கள். குத்தகைக்காரர் கூட்டி வரும் ஆட்கள் லைசென்ஸ்காரரின் மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், இருக்கமாட்டார்கள். மஸ்டரில் இல்லாதவருக்கு எந்தப் பதிவேட்டில் பயிற்சி எழுதுவது? 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சன்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது வெளியே வந்த விஷயமும் இந்தக் குத்தகைதான். அதற்குப் பிறகும் குத்தகை நின்றபாடில்லை. சீசன் நெருங்கினால் இன்னும் கூடும்.

சரி, ஆள் வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு என்ன சொல்லிக் கொடுப்பது? திரையில் சட்டப் பிரிவுகளைப் போட்டு வாசிப்பதால் பயனில்லை. அலுமினியப் பவுடரும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள் சூடேறும், அம்மோனியா நெடி கிளம்பும். போரிக் ஆசிட் கொஞ்சம் சேர்ப்பதே இந்த வேதிவினையைத் தடுக்கத்தான். முந்தின நாள் மீந்த மருந்தை மூடி வைத்துவிட்டுப் போய், மறுநாள் காலையில் திறக்கும்போது அந்த நெடி அடித்தால் கிண்டிப் பார்க்கக் கூடாது. எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். மீந்த மருந்தை அன்றன்றே அழித்துவிட வேண்டும் என்பது இதனால்தான். காரணத்தைச் சொல்லாமல் விதியை மட்டும் சொன்னால், மருந்து வீணாகிறதே என்று யாராவது எடுத்து வைக்கத்தான் செய்வார்கள். அதில் பாதி நேரம் முதலாளியின் நஷ்டத்தைப் பார்த்துப் பரிதாபப்படுவது தொழிலாளிதான், என்ன செய்வது!

அதேபோல்தான் மற்றவையும். ஷெட்டுக்குள் நுழையுமுன் தாமிரத் தகட்டைத் தொடுவது உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிட. பாலியஸ்டர் சேலை வேண்டாம், பருத்தி கட்டு என்பதும் அதற்காகவே. மணி மருந்தை (சிறு உருண்டைகளாக்கிய வெடிமருந்தை)த் தரையில் தேய்த்து இழுக்காதே, தூக்கி வை என்பது உராய்வுக்குப் பயந்து. ஓர் அறைக்கு நாலு பேர் என்பது, ஒன்று வெடித்தால் போகிற உயிர் நாலோடு நிற்கட்டும் என்ற கணக்கு. கேட்கக் கொடூரமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கை உடைத்துச் சொன்ன பிறகுதான் ஐந்தாவது ஆளை உள்ளே விடாமல் தடுக்கிறார்கள்; நானே பார்த்திருக்கிறேன்.

எந்த வகுப்பிலும் நான் கேட்டிராத பாடம் ஒன்று உண்டு. 2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து. இறந்தவர்கள் 40 பேர் வரை. அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதலில் தீப்பிடித்ததைக் கேள்விப்பட்டுக் காப்பாற்றவும் பார்க்கவும் ஓடி வந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். அடுத்தடுத்து வெடித்ததில் சிக்கிக்கொண்டார்கள். ஆகவே பயிற்சி ஆலைச் சுவருக்குள் முடிகிற காரியமில்லை. சுற்றியுள்ள கிராமங்களில் ஆட்டோ ஓட்டுகிற பையன்களுக்கும் டீக்கடைக்காரருக்கும் 'வெடித்தால் ஓடி வராதே, எட்டி நில்' என்று சொல்ல வேண்டும். மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாளன்று பேட்ஜ் குத்தி உறுதிமொழி வாசிப்பதற்குச் செலவாகும் நேரத்தில் இதைச் செய்துவிடலாம்.

இன்னொரு விஷயம். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். பாதுகாப்புப் பயிற்சி பெறுவது தொழிலாளியின் உரிமை என்று 111-ஏ பிரிவும், ஆபத்து நெருங்குவதாகப் பட்டால் நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் சொல்லலாம், நிர்வாகம் உடனே சரிசெய்ய வேண்டும் என்று 41-எச் பிரிவும் அப்போது சேர்ந்தவை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவந்த 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் ஆபத்தைச் சொல்லும் உரிமை இருக்கிறது. இதைத் தெரிந்த ஒரு தொழிலாளியைக்கூட நான் சந்தித்ததில்லை. 'மருந்து சூடா இருக்கு, இன்னிக்கு வேண்டாம்' என்று ஒரு அக்கா சொன்னால் அன்றைய கூலி போகும், நாளைக்கு வேலையும் போகலாம். அப்படிப்பட்ட இடத்தில் எத்தனை மணி நேரம் பாடம் நடத்தியும் என்ன? அவர் எல்லாம் தெரிந்துகொண்டேதான் மருந்தில் கை வைப்பார்.

அரசுக்கு நான் சொல்வது இதுதான். பயிற்சி நாளுக்கு, அவரவர் வழக்கமாக எடுக்கும் எண்ணிக்கைக்குச் சமமான கூலியை நிர்வாகம் தர வேண்டும். சான்றிதழ் ஆலையின் பெயரில் வேண்டாம், தொழிலாளியின் பெயரில் ஓர் அட்டையாகக் கொடுங்கள். நாளைக்கு வேறு ஆலைக்குப் போனாலும் அது கூட வரும், குத்தகை ஆட்களுக்கும் கிடைக்கும். ஆய்வுக்கு வரும் அதிகாரி கோப்பைப் புரட்டுவதோடு ஷெட்டுக்குப் போய், 'மருந்து நெடி அடித்தால் என்ன செய்வீர்கள்?' என்று நாலு பேரிடம் கேட்கட்டும். பதில் வராவிட்டால் கோப்பில் இருப்பது வெறும் காகிதம் என்று தெரிந்துவிடும். சிறிய ஆலைகளுக்கு இது செலவுதான், மறுக்கவில்லை. வகுப்பை மழைக்காலத்தில் உற்பத்தி குறைந்திருக்கும்போது வைத்தால் சுமை பாதியாகும்.

உங்கள் நிருபர்களிடமும் ஒரு வேண்டுகோள். இனி ஒரு விபத்தைப் பற்றி எழுத நேர்ந்தால், இறந்தவர்களின் எண்ணிக்கையோடும் நிவாரணத் தொகையோடும் நிறுத்தாமல், அவர்களுடைய பெயர் பயிற்சிப் பதிவேட்டில் இருந்ததா, அவர்களுக்குக் கூலி கொடுத்தது லைசென்ஸ்காரரா குத்தகைக்காரரா என்றும் விசாரித்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் போர்மேன்,
சாத்தூர் வட்டம்.