எடையைச் சத்தமாக வாசிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் இரண்டு மாதமாக மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள், கேட்டால் பசியில்லை என்பாள். தூக்கம் போய், ஆசையாகப் போடும் கோலத்தையும் விட்டு, எல்லாவற்றுக்கும் எரிந்து விழ ஆரம்பித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பள்ளியில் உடல் பரிசோதனையின்போது ஒவ்வொருவர் எடையையும் வகுப்பு முன்னால் சத்தமாக வாசித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் பெயரே 'குண்டூஸ்'. மனச்சோர்வு என்றார் மருத்துவர்.

பள்ளியை மட்டும் சொல்லி என்ன? கல்யாண வீட்டில் பிள்ளையைப் பார்த்ததும் 'என்னடி இப்படி ஊதிட்டே' என்றுதானே நாமே பேச்சைத் தொடங்குகிறோம்! அப்புறம் கையில் போன் வேறு. ஏற்கெனவே தன் உடலை நினைத்து வருந்தும் பதின்ம வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்குகிறது என்று அந்த நிறுவனத்தின் உள் ஆய்வே சொன்னது 2021-ல் வெளியானது.

பையன்களும் தப்பவில்லை, 'ஒல்லிக்குச்சி' என்ற கேலி அவர்களையும் அறுக்கிறது.

எடையைத் தனியறையில் பார்த்து, சீட்டில் எழுதிப் பெற்றோரிடம் கொடுக்கச் சொல்லி கல்வித்துறை உத்தரவிட வேண்டும். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை ஒவ்வொரு வகுப்பிலும் எழுதி வையுங்கள். எனக்கு அது தெரிய இரண்டு மாதம் ஆனது.

– ஒரு தாய், தஞ்சாவூர்