பச்சை டிக் வந்ததுக்கு அப்புறமும் நான் யாருன்னு தெரியலயாம்

ஐரோப்பிய யூனியன் நாடுகள்ல அரசு சேவை வெப்சைட் நடத்துற அதிகாரிகளுக்கும், அதை கட்டுற டீம்களுக்கும் வணக்கம்.

நான் ஜெர்மனில இருக்கிற தமிழ்நாட்டுக்காரன். இங்க வர்றதுக்கு முன்னாடி யூனியன்லயே பக்கத்து நாடு ஒண்ணுல மூணு வருஷம் வேலை பார்த்தேன், அங்க என் சம்பளத்துல பிடிச்ச பென்ஷன் பணம் எவ்வளவு சேர்ந்திருக்குன்னு பாக்கணும், அவ்வளவுதான். அந்த நாட்டு சைட்ல வெளிநாட்டு ஐடி வச்சும் லாகின் பண்ணலாம்னு இருந்துச்சு, ஜெர்மனியை செலக்ட் பண்ணி, என் ரெசிடன்ஸ் கார்டை போனுக்குப் பின்னாடி ஒட்டிப் பிடிச்சு ஆறு இலக்க பின் நம்பரைப் போட்டேன், பச்சை டிக் வந்துச்சு. அடுத்த பக்கத்துல அந்த நாட்டு அடையாள எண்ணைக் கேட்டாங்க, பழைய பே ஸ்லிப்பைத் தேடி எடுத்து அதையும் போட்டேன். "விவரங்கள் பொருந்தவில்லை." அதோட நின்னுருச்சு.

காரணம் என் பேருதான். எங்க ஊர்ல நிறைய பேருக்கு குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது, அப்பா பேரோட முதல் எழுத்துதான் இனிஷியல். என் பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலி. அந்த நாட்டுல அப்பா பேரை சர்நேமா எழுதிட்டாங்க, இங்க என் பேரையே சர்நேமா போட்டிருக்காங்க. பிறந்த தேதி அதே தேதிதான், ஆனா ரெண்டு ரெக்கார்டையும் பக்கத்துல வச்சா வேற வேற ஆள். இது எங்களுக்கு மட்டும் வர்ற பிரச்சனை இல்லைங்க, ரெண்டு சர்நேம் வச்சிருக்கிற ஸ்பெயின்காரங்க, கல்யாணத்துக்கு அப்புறம் பேர் மாத்தின பெண்கள், கிரேக்க எழுத்துல இருக்கிற பேரை லத்தீன் எழுத்துக்கு மாத்தினவங்க, எல்லாருக்கும் இதே கதைதான்.

ஒரு நாட்டு மின்னணு ஐடியை இன்னொரு நாடும் ஏத்துக்கணும்னு 2014ல வந்த ஐரோப்பிய யூனியனோட ஈஐடாஸ் சட்டப்படி, முறையா அறிவிச்ச பிற நாட்டு ஐடியை 2018 செப்டம்பர் 29ல இருந்து நீங்க ஏத்துக்கணும். ஏத்துக்கிட்டீங்க, கதவு திறக்குது, அதுக்கு மனசார நன்றி. ஆனா எல்லை தாண்டி வர்ற கட்டாய விவரமே சர்நேம், பேரு, பிறந்த தேதி, ஒரு தனி அடையாளக் குறி, இவ்வளவுதான். ஜெர்மன் கார்டு நிரந்தர எண் எதையும் அனுப்பாது, அதுக்குப் பதிலா அந்தக் கார்டுக்குன்னு உருவாகுற ஒரு புனைக்குறியைத்தான், அதாவது புனைபெயர் மாதிரி ஒரு குறியைத்தான் அனுப்பும், கார்டு மாறினா அதுவும் மாறிடும். தனியுரிமைக்கு அது நல்ல ஏற்பாடு, அதை மாத்தச் சொல்லி நான் கேக்கல. ஆனா பேரும் பொருந்தாம குறியும் மாறினா, கார்டு புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும் நான் உங்களுக்குப் புது ஆளாயிடுறேன்.

தப்பான ஆளுக்கு இன்னொருத்தர் கணக்கைக் காட்டிடக் கூடாதுங்கிற பயம் நியாயம்தான். அதுக்காக, முழுசா பொருந்தலன்னா உடனே கதவை சாத்தணுமா? பிறந்த ஊரைக் கேளுங்க, அங்க குடியிருந்த பழைய அட்ரஸ், வேலை கொடுத்த கம்பெனி பேரைக் கேளுங்க, அதுக்கும் சந்தேகம் தீரலன்னா பாஸ்போர்ட் காப்பியை வாங்கி ஒரு அலுவலர் கண்ணால பார்த்து ஒரு தடவை இணைச்சு விடட்டும், கார்டு மாறும்போது அந்த இணைப்பு அறுந்து போகாம புதுசுக்கு மாத்திக்க ஒரு வழியும் வையுங்க. எந்தக் கட்டம் பொருந்தலன்னாவது சைட்ல சொல்லுங்க, கேட்டுக்க ஒரு போன் நம்பர் போடுங்க, எனக்கு வந்த பக்கத்துல அது ரெண்டுமே இல்லை. முக்கியமா, டெஸ்ட் பண்ணும்போது சர்நேமே இல்லாத ஒரு பேரை வச்சு டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

2024ல திருத்தின சட்டத்துல இந்த ஆள் பொருத்துற வேலையை அந்தந்த நாடுதான் உறுதி பண்ணணும்னு 11ஏ பிரிவுல எழுதியே வச்சிருக்காங்க. 2026 முடியுறதுக்குள்ள போன்லயே ஐடியை வச்சுக்கிற டிஜிட்டல் வாலட் வேற கொடுக்கணும். அதுலயும் இதே பேரு, இதே பிறந்த தேதிதான் வரப்போகுது, பொருத்துற இடத்தை இப்பவே சரி பண்ணலன்னா வாலட் வந்தும் நான் அதே பக்கத்துலதான் நிப்பேன்.

இப்போதைக்கு பாஸ்போர்ட் காப்பியோட தபால்ல லெட்டர் போட்டிருக்கேன், பதினொரு வாரம் ஆச்சு. மார்ச்ல என் கார்டு காலாவதி ஆகுது, அதுக்குள்ள பதில் போடுங்க.